கம்பியோரத்துப் பூவரசு

எங்கள் கொல்லையில் இருந்த பூவரசு பட்டுப்போனதற்கு நான் காரணமில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குப்பத்தில் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். தாலி அறுத்தவள் தண்ணீர் ஊற்றினால் மரம் எப்படித் தழைக்கும் என்று ஒருத்தி கேட்டாளாம். அதை மெனக்கெட்டு என் காதில் போட்டுவிட்டுப் போக இன்னொருத்தி இருந்தாள். உண்மையில் மரத்தைக் கொன்றது பின்பக்கத்து அரிசி மில். நெல் அவித்த கொதிநீரைச் சுவருக்கு அடியில் ஓட்டை போட்டு எங்கள் கொல்லைக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். தினமும் காலில் வெந்நீர் ஊற்றினால் மனுஷனே தாங்கமாட்டான், மரம் என்ன செய்யும்? இலை முழுக்கக் கொட்டின பிறகுதான் அந்த ஓட்டையே என் கண்ணில் பட்டது. மில்லுக்குப் போய்க் கத்தினேன். ஓட்டையை அடைத்தார்கள். மரம் வரவில்லை.

வீடு ராயபுரத்துக்கு வடக்கே, கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது. ஓர் அறை, ஒரு சமையற்கட்டு, வீட்டைவிடப் பெரிய கொல்லை. கொல்லைக்கு மேற்கே மில். வடக்குச் சுவரை ஒட்டினாற்போலக் குப்பத்துக் குடிசைகள், எல்லாம் ஓலைக் கூரை. என் வீட்டுக்காரர் கரண்டு கம்பெனியில் லைன்மேனாக இருந்தார். மில்லுக்குக் கரண்டு இழுக்க வேண்டிவந்தபோது, சுற்றிக்கொண்டு போவதைவிட எங்கள் கொல்லை வழியாகப் போனால் கிட்டம் என்று கம்பெனியில் கேட்டார்கள். அவர் சரி என்றார். தெருக் கம்பத்திலிருந்து கிளம்பிய கம்பி, கொல்லையின் நடுவில் நட்ட கம்பத்துக்கு வந்து, அங்கிருந்து மில்லுக்குப் போயிற்று. அந்தக் கொல்லைக் கம்பத்திலிருந்தே எங்கள் அறைக்கும் ஒரு விளக்கு போட்டுக்கொடுத்தார்கள். தெருவில் எங்கள் வீட்டில்தான் முதன்முதலில் கரண்டு விளக்கு எரிந்தது. வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அப்போது நானும் கொஞ்சம் ஆடித்தான் இருந்தேன்.

கம்பத்தை நட்டவர்களில் அவரும் ஒருவர். அப்போது பூவரசு சின்னது. கம்பிக்கு வெகுதூரம் கீழே அடக்கமாக நின்றது. வளர்ந்தபோது அவரே வருஷத்துக்கு ஒருமுறை கழித்துவிடுவார். அவர் போன பிறகு கழிக்க ஆளில்லை. மரம் கம்பியைத் தாண்டி மேலே போய்விட்டது.

அவர் கொருக்குப்பேட்டையில், கூட்ஸ் யார்டுக்குப் பக்கத்தில், கம்பத்தின்மேல் இருக்கும்போது செத்தார். லைனை நிறுத்தியாயிற்று என்று கீழே நின்றவர்கள் சொன்னார்கள். நிறுத்தித்தான் இருந்தார்கள். ஆனால் நிறுத்தியது வேறு லைன். இதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல என்னால் ஆகாது. எனக்குப் பிள்ளைகள் இல்லை. அண்ணன் வீட்டுக்கு வா என்று கூப்பிட்டார்கள். அங்கே போய் மூலையில் உட்கார்ந்து அண்ணியின் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க என் குணத்துக்கு முடியாது. இந்த வீட்டிலேயே இருந்துவிட்டேன்.

தனியாக இருப்பதில் கஷ்டம் எது என்று கேட்டால், ராத்திரி பயம் என்று எல்லோரும் நினைப்பார்கள். எனக்குப் பயம் கிடையாது. கஷ்டம் விடியற்காலைதான். கட்டுமரக்காரர்கள் கடலுக்கு இறங்கப் போகும்போது எதிரில் தாலியில்லாதவள் வரக்கூடாது. அப்படி எவரும் என்னிடம் வந்து சொன்னதில்லை, சொல்லவேண்டியதும் இல்லை. அவர்கள் துடுப்பும் வலையுமாக என் வாசலைக் கடந்து போகிறவரை நான் கதவைத் திறப்பதில்லை. சாணித் தண்ணீர் வாளியைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே நிற்பேன். வெளியே அவர்கள் இருமுவதும் சிரிப்பதும் பேசிக்கொண்டே போவதும் கேட்கும். கடைசி ஆளும் போய்விட்டான் என்று தெரிந்த பிறகுதான் வாசல் தெளிப்பேன். ஊரே விடியற்காலையில் ஆரம்பித்தது. என் நாள் மட்டும் மற்றவர்கள் போன பிறகு ஆரம்பித்தது. நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் இருந்துவிட்டு, சாயங்காலம் பூனையைத் திட்டும்போது என் குரலே எனக்குப் புதுசாகக் கேட்டிருக்கிறது.

அந்த வருஷம் மழைக்காலத்துக்கு முன்னால் காற்று பிடித்தபோது மரம் கம்பிப் பக்கமாகச் சாய ஆரம்பித்தது. அடியில் கரையான் பிடித்திருந்தது. ஒரு சாயங்காலம் தூறல் போட்டுக்கொண்டிருக்க, காய்ந்த கிளை ஒன்று கம்பியில் உராய்ந்து நீலமாகப் பொறி தட்டியது. அறை விளக்கு மினுக்கென்று மங்கி மறுபடி எரிந்தது. மரம் விழுந்தால் கம்பியையும் இழுத்துக்கொண்டு விழும். கம்பி அறுந்து வடக்கே துள்ளினால் ஓலைக் கூரைகள்மேல் போகும். ஏற்கெனவே ஒரு ஆளைக் கம்பிக்குக் கொடுத்த வீடு இது. இன்னொரு உயிர் இந்தக் கொல்லையில் போகக்கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

சுவருக்கு அந்தண்டை முதல் குடிசையில் ஒரு கட்டுமரக்காரனும் அவன் பெண்சாதியும் இருந்தார்கள். அவன் நெஞ்சகலத்துக்குப் பேர்போனவன், பேச்சு கம்மி. அவளுக்குப் பேச்சுதான் எல்லாமே. மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ராயபுரம் முழுக்கச் சுற்றிவருவாள். திரும்பி வரும்போது கூடையில் மிச்சமிருந்தால் என் வாசலில் நின்று, "இன்னாக்கா, காரப்பொடி மீனு கீது, வோணுமா?" என்று கேட்பாள். வேண்டாம் என்றால் அதற்கும் சண்டை. அந்தக் குப்பத்தில் என்னோடு சண்டை போடுகிற அளவுக்கு என்னை மதித்தவள் அவள் ஒருத்திதான். மரத்தைப் பற்றி அவளிடம்தான் முதலில் சொன்னேன். அன்று சாயங்காலமே புருஷனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அவன் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான், தட்டினான், அண்ணாந்து பார்த்தான். கட்டை எங்கள் அடுப்புக்கு என்றால் வெட்டிக்கொடுக்கிறேன் என்றான். எனக்குச் சம்மதம்.

கரண்டு கம்பெனிக்கு நானே நடந்து போனேன். அங்கே என்னைத் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் திடீரென்று அவசர வேலை வந்துவிட்டது. கடைசியில் ஒரு துரைக்குக் கீழே இருந்த பெரியவர் உட்கார வைத்து விசாரித்தார். "மரம் உங்களுது, கம்பி எங்களுது. நீங்க வெட்டற அன்னிக்கு ஒரு ஆள் வந்து தெருக் கம்பத்துல பியூஸைப் பிடுங்குவான். அவன் வர்றவரைக்கும் மரத்துல யாரும் கைவைக்கக் கூடாது" என்றார். நியாயமான பேச்சு. வீட்டுக்கு வந்து அதையே கட்டுமரக்காரனிடம் வார்த்தை பிசகாமல் சொன்னேன். அவன் தலையை ஆட்டினான்.

நாள் குறித்தது அவன்தான். அமாவாசை. அன்று மில் ஓடாது, எந்திரத்துக்கு எண்ணெய் போட்டுத் துடைப்பார்கள். தவிர அமாவாசையில் வெட்டின கட்டை உளுத்துப்போகாதாம். பாதி மரம் ஏற்கெனவே கரையான் வயிற்றில் இருக்கிறது, இதில் உளுத்துப்போகாமல் எது மிச்சம் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. வேலை ஆகவேண்டுமே.

அமாவாசை விடிந்தது. மில் சத்தம் இல்லாத காலை அபூர்வம். அந்தக் கடகடப்பு பழகிப்போய், அது நின்றால் காது அடைத்துக்கொண்டாற்போல இருக்கும். கட்டுமரக்காரன் இன்னும் மூன்று பேரோடு வந்தான். கோடரி, ரம்பம், இரண்டு பெரிய தென்னங்கயிற்றுச் சுருள். கயிற்றிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கடலில் நனைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். அவர்கள் காய்ந்த கயிற்றை நம்பமாட்டார்கள். நனைந்தால்தான் நார் ஊறி முடிச்சு இறுகும், வழுக்காது. கட்டுமரம் கட்டினாலும் வலை இழுத்தாலும் முதலில் கயிற்றை உப்புத்தண்ணீரில் முக்குவதுதான் அவர்கள் வழக்கம்.

நான் வாசற்படியில் நின்றிருந்தேன். வந்தவர்களில் வயசானவர் தொண்டையைக் கனைத்தார். என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார்: "தப்பா நெனச்சிக்காத தாயி. உசுர கையில புட்சிகினு ஏர்ற வேல. ஆளு மரத்துமேல ஏர்ற வரைக்கும் நீ வூட்டுக்குள்ள இரு."

என் கொல்லை, என் மரம். கம்பத்தை நட்டது என் புருஷன். அதில் நான் நிற்கக்கூடாதாம். சுர்ரென்று ஏறிற்று. ஆனால் அவர்கள் ஏறப்போகிறவர்கள், பயம் அவர்களுடையது. பயத்தோடு ஏறுகிறவன் கால் நடுங்கும் என்று என் வீட்டுக்காரரே சொல்லியிருக்கிறார். "கம்பெனி ஆளு வந்தப்புறம்தான் ஏறணும், ஞாபகம் கீதா?" என்று மட்டும் கேட்டேன். "கீதுக்கா" என்றான் கட்டுமரக்காரன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

கதவுக்குப் பின்னால் நிற்பது எனக்குப் புதுசில்லை. ஆனால் அன்று பொறுக்கவில்லை. கம்பெனி ஆள் வந்து பியூஸைப் பிடுங்கிவிட்டானா என்று தெரிந்துகொள்ள நான் வெளியே போகவேண்டியதில்லை. அறை விளக்கும் அதே கம்பிதான். சுவிட்சைத் தட்டினேன். விளக்கு எரிந்தது. சரி, இன்னும் வரவில்லை என்று சுவிட்சை அணைக்கக் கையைக் கொண்டுபோனேன். அப்போது கட்டுமரக்காரனின் குரல் கேட்டது, "கவுத்த வுடு" என்று. அந்தக் குரல் தரையிலிருந்து வரவில்லை. மேலேயிருந்து வந்தது.

கதவை எப்படித் திறந்தேன் என்று நினைவில்லை. மரத்தின் கவட்டில் அவன் காலை அகட்டி நின்றுகொண்டிருந்தான். ஈரக் கயிறு தோளில் மாலையாகக் கிடந்தது. உப்புத்தண்ணீர் அவன் முதுகில் வழிந்து இடுப்புத் துணியை நனைத்திருந்தது. கயிற்றின் நுனியைக் கையில் சுருட்டி, மேல் கிளையைப் பார்த்து வீசுவதற்கு ஆட்டிக்கொண்டிருந்தான். அந்தக் கிளைக்கும் அவனுக்கும் நடுவில் கம்பி.

"எறியாதடா!" என்று கத்தினேன். என் வாயிலிருந்து அவ்வளவு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது. அவன் கை அப்படியே நின்றது.

"இன்னாக்கா?"

"கவுத்த எறியாத. கம்பில கரண்டு கீது."

கீழே நின்றவர்களில் ஒருவன் சிரித்தான். "மில்லு நின்னு பூட்சிக்கா. சத்தமே இல்ல பாரு. அப்பால ஏது கரண்டு?"

அதுதான் அவர்கள் கணக்கு. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. கரண்டு வந்த நாளிலிருந்து அந்தக் குப்பத்துக்கு அது ஒரு சத்தமாகத்தான் தெரியும். மில் கடகடவென்றால் கரண்டு வந்துவிட்டது, நின்றால் போய்விட்டது. மில்லில் இருக்கும் சுவிட்சு மில்லைத்தான் நிறுத்தும், அதுவரை வந்து நிற்கும் கம்பியை நிறுத்தாது என்று அவர்களுக்கு எவரும் சொன்னதில்லை. கம்பெனி ஆள் எதற்கு, மில்தான் நின்றுவிட்டதே என்று ஏறிவிட்டார்கள். நான் வெளியே நின்றிருந்தால் முதல் அடி வைத்தபோதே தடுத்திருப்பேன். என் முகம் ஆகாது என்று உள்ளே அனுப்பியிருந்தார்கள்.

அறைக் கதவை அகலத் திறந்து காட்டினேன். பட்டப்பகலில் உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இது அந்தக் கம்பிதான். மில்லு நின்னாலும் இது எரியுது, பாத்துக்க. ஈரக் கவுறு அதுமேல பட்டா நீ கீழ வர்றதுக்குள்ள கரியாப் பூடுவ. எம் புருசனும் இப்டித்தான், லைனு நின்னு போச்சுன்னு எவனோ சொன்னத நம்பிகினு ஏறினாரு. நின்னது வேற லைனு." அவர் செத்த விதத்தை நான் அதுவரை ஒருவரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னபோது கோபம்தான் வந்தது. "எறங்குடா. கவுத்த நெஞ்சோட சேத்துப் புட்சிகினு எறங்கு. கைய தூக்காத."

நான் கிட்டே போகவில்லை. கயிற்றின் மறுமுனை தரையில் கிடந்தது. அதைத் தொட்டுக்கொண்டிருந்தவனைத் தள்ளிப் போகச் சொன்னேன். கட்டுமரக்காரன் கயிற்றை மார்போடு அணைத்துக்கொண்டு, அடி அடியாகக் கால் வைத்து இறங்கினான். அவன் கால் மண்ணில் பட்டதும் நான் துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

வயசானவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கட்டுமரக்காரன் என் அறைக்குள் எரிந்த விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றான்.

கம்பெனி ஆள் வருவதாக இல்லை. வெயில் ஏறிற்று. வீட்டுக்குப் போய்விட்டு வருகிறோம் என்று அவர்கள் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. கொல்லையில் சுவர் நிழலில் உட்கார்ந்தார்கள். சும்மா உட்கார வைத்து எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது? உலை வைத்தேன். ஒருத்திக்கு அரைப்படி அரிசியே மிச்சமாகிற வீட்டில் பெரிய பானையை எங்கே வைத்தேன் என்று தேடவேண்டியிருந்தது. அளவும் மறந்துபோய் அன்று சோறு குழைந்துவிட்டது. புளியும் கத்தரிக்காயும் போட்டு ஒரு குழம்பு. குற்றம் சொல்லாமல் சாப்பிட்டார்கள். ஒருவன் மூன்றாம் தடவை சோறு வாங்கினான். கட்டுமரக்காரன் மட்டும் குனிந்த தலை நிமிராமல் கொறித்துவிட்டுக் கை கழுவினான். அவனுக்கு வெட்கம், நான் கண்டுகொள்ளவில்லை. கரண்டி பானையில் இடிக்கிற சத்தமும், தண்ணீர் கேட்கிற குரலும், ஏப்பமும் அந்த வீட்டில் கேட்டு எத்தனையோ காலமாயிற்று. அவர்கள் இன்னும் கொஞ்சம் மெதுவாகச் சாப்பிடமாட்டார்களா என்று இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கம்பெனி ஆள் வரத் தாமதமாவதில் ஒரு ஓரத்தில் எனக்குச் சந்தோஷம்.

வெயில் சாய ஆரம்பித்த பிறகுதான் அவன் சைக்கிளில் வந்தான். துறைமுகத்தில் ஏதோ லைன் பழுதாம். சின்ன வயசு. அவன் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன். கொருக்குப்பேட்டையில் அன்று கீழே நின்றவர்களில் இவனும் ஒருவன். அதற்கு முன்னால் வாரம் தவறாமல் வீட்டுக்கு வந்து என் கையால் காப்பி குடித்தவன். அதற்குப் பிறகு இந்தத் தெருப்பக்கமே தலைகாட்டவில்லை.

"அண்ணி" என்றான்.

"பியூஸைப் பிடுங்கு" என்றேன்.

தெருக் கம்பத்தில் ஏணி சாத்தி ஏறினான். பெட்டியைத் திறந்து இரண்டு பீங்கான் பியூஸ் கட்டைகளையும் பிடுங்கினான். அறை விளக்கு அணைந்தது. அவன் இறங்கி வந்து கொல்லைக் கம்பத்திலும் ஏறிச் சோதனை விளக்கை வைத்துப் பார்த்துவிட்டு, பியூஸைத் தன் சட்டைப்பையில் போடப் போனான். நான் கையை நீட்டினேன்.

"அண்ணி, நான் இங்கயேதான நிக்கப் போறேன்."

"எங்கிட்ட குடு."

அவன் வாதாடவில்லை. இரண்டையும் என் கையில் வைத்தான். அவற்றை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டேன். அது என் இடுப்பில் இருக்கிறவரை எவனும் எங்கேயும் எதையும் தட்டி இந்தக் கம்பிக்கு உயிர் கொடுக்க முடியாது. அன்றைக்கு என் வீட்டுக்காரர் ஏறின லைனின் பியூஸ் இப்படி என் முந்தானையில் இருந்திருந்தால் என்று ஒரு நினைப்பு ஓடியது. அதைத் தள்ளிவிட்டுக் கொல்லைக்கு நடந்தேன்.

கட்டுமரக்காரன் கயிற்றை எடுத்தான். வெயிலில் அது காய்ந்துபோயிருந்தது. தயங்கித் தயங்கிக் கேட்டான்: "நனைச்சிக்கட்டா யக்கா?"

"பியூஸ் என் இடுப்புல கீது. இனிமே நீ கடலையே தூக்கினு வந்து ஊத்திக்க" என்றேன்.

அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தான். கயிறு ஊறி வந்தது. அவன் மரத்தடிக்குப் போனதும் வயசானவர் பழையபடி தொண்டையைக் கனைத்தார், என் பக்கம் திரும்பினார். அவர் வாயைத் திறப்பதற்குள் கட்டுமரக்காரன் முந்திக்கொண்டான்.

"அக்கா இங்கயே நிக்கட்டும். அது மூஞ்ச பாத்துகினே ஏர்றேன்."

நான் நின்றேன். அவன் என்னைப் பார்த்து ஒருமுறை தலையை ஆட்டிவிட்டு ஏறினான். கண்ணில் தண்ணீர் வந்தது, கரையான் மண் விழுந்துவிட்டது என்று கம்பெனி ஆளிடம் சொல்லிச் சமாளித்தேன்.

செத்த கிளை சொல்லாமல் ஒடியும். அதனால் அவன் கிளைகளில் கால் வைக்கவில்லை. அடிமரத்தோடு இடுப்பைக் கயிற்றால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு கிளையையும் கோடரி முதுகால் தட்டிப் பார்த்தான். உச்சியிலிருந்து ஆரம்பித்தார்கள். கிளையைக் கயிற்றில் கட்டி, அறுத்து, கம்பிக்கு எதிர்ப்பக்கமாக இழுத்துப் பிடித்து, பதனமாகக் கீழே இறக்கினார்கள். கிளை இறங்கும்போது அடியில் ஒருவரும் நிற்கக்கூடாது என்று கம்பெனி ஆள் ஒதுக்கிக்கொண்டே இருந்தான். கடைசியில் மொட்டை மரம் மட்டும் மிச்சம். அதற்குக் கம்பிப் பக்கம்தான் சாய்வு. விழவேண்டியது மேற்கே, மில் சுவருக்கு முன்னால் இருந்த காலியிடத்தில். ஒரு கயிற்றை மேற்கே இழுக்கக் கட்டினார்கள். இன்னொன்றை வடக்கே கொண்டுபோய், மரம் கம்பிமேல் திரும்பாமல் இருக்கத் துவைக்கிற கல்லில் சுற்றினார்கள். மேற்குப் பக்கம் வாய் பிளந்தாற்போல வெட்டிவிட்டு, பின்பக்கம் ரம்பம் போட்டார்கள். "ஏலேலோ" என்று இழுத்தார்கள், கரையில் கட்டுமரம் இழுப்பதுபோல. மரம் ஒருமுறை முனகிற்று. நான் முந்தானை முடிச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கட்டு விட்டாற்போலச் சாய்ந்து, சொன்ன இடத்தில் தூசி கிளப்பிக்கொண்டு விழுந்தது. கம்பி ஆடக்கூட இல்லை.

மரம் போனதும் கொல்லை திறந்து கிடந்தது. சுவருக்கு அந்தண்டை குடிசைக் கூரைகளும் அதற்கப்பால் கடலும் தெரிந்தன. என்னையும் பட்ட மரம் என்று பேசிக்கொள்கிறவர்கள் உண்டு. மரத்தைப் பார்த்து எனக்கு அப்படியெல்லாம் ஒன்றும் தோன்றவில்லை. மரம் போயிற்று, சனியன் விட்டது என்றுதான் இருந்தது.

கட்டைகளைத் துண்டு போட்டு மற்றவர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். கம்பெனி ஆள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பியூஸுக்காகக் காத்து நின்றான். மில் கணக்கர் வேறு வந்து, எந்திரத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும், கரண்டு எப்போது என்று கேட்டுவிட்டுப் போனார். கட்டுமரக்காரன் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, "வர்றேன்க்கா" என்றான். அவன் கொல்லைப் படலைத் தாண்டுகிறவரை கொடுக்கமாட்டேன் என்று நான் நின்றேன்.

படலுக்கு வெளியே அவன் பெண்சாதி நின்றிருந்தாள். கூடை இடுப்பில் இருந்தது. ராயபுரம் முழுக்கச் சுற்றிவிட்டு வந்து, வீட்டில் புருஷனைக் காணாமல் நேராக இங்கே வந்திருக்கிறாள். காலையில் நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது.

"யோவ்! காலீல போன ஆளு, பொயுது சாஞ்சி பூட்சி. வூடுன்னு ஒண்ணு கீது, அதுல ஒருத்தி கீறான்னு நெனப்பு கீதா உனக்கு? கஞ்சி ஆறிப்போயி நாயி மோந்துகினு கீது."

"அக்கா சோறு போட்டுச்சி புள்ள."

"இங்கயே துன்னுட்டியா? அப்ப நான் ஆருக்குய்யா ஆக்கி வெச்சேன்? இப்டியே நின்னுகினு பல்ல காட்டு. முதுகப் பாரு, கோடு கோடா சிராய்ப்பு. உன்ன இன்னா செஞ்சா தகும்?"

அவன் அவள் இடுப்பிலிருந்த கூடையை வாங்கிக்கொண்டு நடந்தான். அவள் பின்னாலேயே திட்டிக்கொண்டு போனாள். சுவருக்கு அந்தண்டையும் அது நிற்கவில்லை. கஞ்சி, நாய், முதுகு, மறுபடியும் கஞ்சி.

நான் பியூஸை அவிழ்த்துக் கம்பெனி ஆளிடம் கொடுத்தேன். அவன் வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றான். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதே, இன்னும் என்ன அண்ணி?" என்று மெதுவாகக் கேட்டான். நான் அழுதுகொண்டிருந்தேன் போலிருக்கிறது.

அவனிடம் எதைச் சொல்வது? கொருக்குப்பேட்டைக்குப் போன அன்று என் வீட்டுக்காரர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். மத்தியானம் போயிற்று, சாயங்காலமும் ஆயிற்று. குழம்பு இரண்டு தடவை சூடு பண்ணியாகிவிட்டது. வரட்டும், இன்று ஒரு கை பார்க்கிறேன் என்று, கேட்கவேண்டிய கேள்விகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்துக்கொண்டு, எது முதலில், எது அப்புறம் என்று அடுக்கிக்கொண்டு, வாசலில் கோபமாக நின்றேன். கம்பெனி ஆட்கள் வந்தார்கள். அவர் வரவில்லை. அன்று அவரைத் திட்டச் சேர்த்துவைத்ததில் ஒரு வார்த்தையைக்கூட நான் இன்னும் திட்டவில்லை.